மூன்று கைகளும் ஒரு வெயிலும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள். "சார் ரிட்டயர்டு ஆகியும் பாடம் நடத்துறதை விடலை" என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசிவரை படித்துவிடுங்கள். இதில் நான் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் நம் பழைய மாணவர்கள் கூடியது உங்களில் பலருக்குத் தெரியும். பந்தி முடிந்து வாசலில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு மாணவி தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "சார், என்னைத் தெரியுதா? ஆண்டு விழாவுல சந்தனக் கிண்ணம் கேட்டேனே, அந்தப் பொண்ணு" என்றார். எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவரே நினைவுபடுத்தினார்.

முப்பது வருடத்துக்கு முந்தைய கதை. ஆண்டு விழாவுக்கு வரும் விருந்தினரை வரவேற்க, வாசலில் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டு ஏந்தி நான்கு மாணவிகளை நிறுத்துவோம். யாரை நிறுத்துவது என்பது என் பொறுப்பு. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் அந்தப் பெண் என்னிடம் வந்து, "சார், நானும் நிக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். நான், "நீ வெயில்ல ரொம்ப அலையுறம்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று சொல்லியிருக்கிறேன். அந்த வருடம் நின்ற நால்வரும் சிவந்த நிறம். அடுத்த வருடமும் அப்படித்தான் நிறுத்தியிருப்பேன்.

அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு மகளைக் காட்டி, "இவ ஏழாவது படிக்கிறா சார். விளையாட்டு பீரியடுக்கே போக மாட்டேங்குறா. கறுத்துடுவேன்னு கிளாஸ்லயே உக்காந்துக்கிறா. நீங்க சொன்னா கேப்பா. நீங்களே சொல்லுங்க" என்றார்.

அந்தக் குழந்தையின் தலையைத் தடவி, "நல்லாப் படிம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். வேறு வார்த்தை வரவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு அந்தக் கேள்வி விடவில்லை. வெயில் நம் தோலை என்ன செய்கிறது? தோல் பதிலுக்கு என்ன செய்கிறது? ஒரு மாதம் தேடித் தேடிப் படித்தேன். நான் வரலாற்று வாத்தியார். எனக்குத் தெரிந்த வழி, மனிதர்கள் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வதுதான். அந்தக் கதையில் மூன்று கைகள் வருகின்றன.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

கைகளுக்கு முன்னால் ஒரு சின்ன முன்கதை. 1800ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவர் இவர்தான். முப்பட்டகக் கண்ணாடியில் வெயிலைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு வெளியே, எந்த நிறமும் தெரியாத இடத்தில், வெப்பமானி இன்னும் மேலே ஏறியது. அதுதான் அகச்சிவப்புக் கதிர். வெயிலின் சூட்டில் பெரும்பங்கு இதனுடையது.

அடுத்த ஆண்டே, 1801இல், ஜெர்மனியின் யேனா நகரில் யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர் என்ற இளைஞர் யோசித்தார். சிவப்புக்கு அந்தப்பக்கம் ஒன்று இருந்தால், ஊதாவுக்கு அந்தப்பக்கமும் ஏதாவது இருக்க வேண்டாமா? வெளிச்சம் பட்டால் கறுக்கும் சில்வர் குளோரைடு என்ற வெள்ளி உப்பை ஒவ்வொரு நிறத்திலும் வைத்தார். சிவப்பில் மெதுவாகக் கறுத்தது. ஊதாவில் வேகமாகக் கறுத்தது. ஊதாவுக்கும் வெளியே, ஒன்றுமே தெரியாத இடத்தில், எல்லாவற்றையும்விட வேகமாகக் கறுத்தது. அதுதான் புற ஊதாக் கதிர்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் சுடுவது ஒன்று. கண்ணுக்குத் தெரிவது ஒன்று. சுடாமலும் தெரியாமலும் வருவது இன்னொன்று. நம் தோலைக் கறுக்க வைப்பதும் கொப்பளிக்க வைப்பதும் பெரும்பாலும் இந்த மூன்றாவது ஆள்தான். ஆனால் இவரைத் தோலோடு சேர்த்துப் பிடிக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

முதல் கை: லண்டன், 1820

எவரார்ட் ஹோம் என்பவர் இங்கிலாந்து அரசரின் அறுவை மருத்துவர். அவருக்கு ஒரு சந்தேகம். கறுப்பு நிறம் சூட்டை அதிகமாக உறிஞ்சும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வெயிலில் கறுப்புச் சட்டை போட்டுப் பாருங்கள், தெரியும். அப்படியிருக்க, வெயில் கொளுத்தும் நாட்டு மக்களுக்கு இயற்கை ஏன் கறுப்புத் தோலைக் கொடுத்தது? வெள்ளைத் தோல் அல்லவா கொடுத்திருக்க வேண்டும்?

நல்ல கேள்வி. என் வகுப்பில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பேன். ஹோம் பதிலை வேறு யாரிடமும் தேடவில்லை. தன் இரண்டு கைகளின் புறங்கையையும் வெயிலில் நீட்டினார். ஒன்று வெறுங்கை. இன்னொன்றின் மேல் கறுப்புத் துணி. இரண்டு பக்கமும் வெப்பமானி வைத்தார். கறுப்புத் துணி போட்ட பக்கம்தான் சூடு அதிகம் காட்டியது. ஆனால் கொப்பளித்தது வெறுங்கை. அதிகச் சூட்டில் இருந்த கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்படியானால் தோலைச் சுடுவது வெறும் சூடு இல்லை. கறுப்பு நிறம் சூட்டை வாங்கிக்கொண்டாலும், வேறு ஏதோ ஒன்றைத் தோலுக்குள் போகவிடாமல் தடுக்கிறது. கறுத்த மக்களின் தோலில் உள்ள நிறப்படலம் வெயிலுக்கு எதிரான பாதுகாப்பு என்று ஹோம் எழுதினார். அந்தக் கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டி 1821இல் அச்சிட்டது. தடுக்கப்படும் அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்பதை அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் வழி சரியான வழி.

வருடத்தைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் வந்தது. கறுப்புத் தோல் என்றாலே அடிமைக்கு அடையாளம் என்று இருந்த காலத்தில், அரசரின் மருத்துவரே 'இது குறை இல்லை, கவசம்' என்று அறிஞர் சபையில் எழுதிவைத்தார். ஹோம் சமூகச் சீர்திருத்தவாதி ஒன்றும் இல்லை. அவர் சொன்னதால் சந்தையில் விற்கப்பட்ட ஒருவருக்கும் விடுதலை கிடைக்கவில்லை. உண்மை தெரிந்துவிட்டால் மட்டும் மனம் மாறிவிடாது என்பதற்கு வரலாற்றில் எத்தனையோ சாட்சிகள். இதுவும் ஒன்று.

அந்த 'ஏதோ ஒன்று' யார் என்பது படிப்படியாகத் தெரிந்தது. 1858இல் பிரான்சில் மின் வில் விளக்கை வைத்துச் சோதனை செய்த இருவருக்கு, வெயிலில் வெந்ததுபோல் தோல் சிவந்தது. விளக்கின் சூடு காரணமாக இருக்க முடியாது, அதன் 'வேதிக் கதிர்கள்'தான் காரணம் என்றார் மருத்துவர் ஷார்க்கோ. அப்போது புற ஊதாவுக்கு அதுதான் பெயர். 1889இல் ஸ்வீடனின் எரிக் விட்மார்க், விளக்கொளியிலிருந்து சூட்டை வடிகட்டிவிட்டுத் தோலில் பாய்ச்சினார். தோல் சிவந்தது. புற ஊதாவைத் தடுத்துவிட்டுப் பாய்ச்சினார். சிவக்கவில்லை. வழக்கு முடிந்தது.

இரண்டாம் கை: கோபன்ஹேகன்

நீல்ஸ் ஃபின்சென் 1860இல் வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபேரோ தீவுகளில் பிறந்தவர். வருடத்தில் பாதி நாள் மேகமும் மழையும் மூடிக்கிடக்கும் ஊர். கோபன்ஹேகனில் மருத்துவம் படித்தார். இளம் வயதிலேயே தீராத நோய் ஒன்று பிடித்துக்கொண்டது. சோகையும் களைப்புமாக, வடக்குப் பார்த்த வீட்டில் குடியிருந்தார். கொஞ்சம் வெயில் பட்டால் தேவலையாக இருக்குமே என்று ஏங்க ஆரம்பித்ததுதான் அவருடைய ஆராய்ச்சியின் தொடக்கம் என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். வெயிலுக்கு ஒதுங்கி நிழல் தேடும் நமக்கு இந்த ஏக்கம் எளிதில் புரியாது.

அவர் செய்த ஒரு சோதனையை நம் வீட்டு மொட்டை மாடியிலேயே புரிந்துகொள்ளலாம். தன் கையில் கறுப்பு மையால் ஒரு பட்டை தீட்டிக்கொண்டார். படம் வரைய நாம் பயன்படுத்துவோமே, இந்தியன் இங்க், அதே மை. கையை வெயிலில் நீட்டி உட்கார்ந்தார். பிறகு மையைக் கழுவினார். மை இருந்த இடம் வெள்ளையாக அப்படியே இருந்தது. சுற்றியிருந்த இடம் சிவந்து வீங்கி, சில நாளில் பழுப்பானது.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். அதே கையை மை எதுவும் பூசாமல் மறுபடி வெயிலில் வைத்தார். இந்தமுறை, முன்பு மைக்கு அடியில் வெள்ளையாகத் தப்பித்த பட்டை சிவந்து வெந்தது. முன்பு வெந்து பழுப்பான இடம் கொஞ்சம் கூடக் கறுத்ததே தவிர, வேகவில்லை. முதல் தடவை வெளியிலிருந்து பூசிய மை காப்பாற்றியது. இரண்டாம் தடவை தோல் தானே தயாரித்த மை காப்பாற்றியது.

வெயில் பட்டுக் கறுப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. தோல் கறுக்கும்போது அழுக்காகவில்லை. அடி வாங்கியது உண்மை. அடுத்த அடியைத் தாங்கத் தன்னைத் தயார்செய்துகொள்கிறது.

ஃபின்சென் அத்தோடு நிற்கவில்லை. ஒளியை மருந்தாக்க முடியுமா என்று பார்த்தார். அந்தக் காலத்தில் முகத்தை அரித்துத் தின்னும் தோல் காசநோய் ஐரோப்பாவில் பலரை வீட்டுக்குள்ளேயே முடக்கிப் போட்டிருந்தது. மின் வில் விளக்கின் ஒளியைப் படிகக் கல்லால் ஆன வில்லைகள் வழியாகக் குவித்து, தினமும் மணிக்கணக்கில் பாய்ச்சிக் குணப்படுத்தினார். 1896இல் கோபன்ஹேகனில் இதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். 1903இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் துறையில் கொடுக்கப்பட்ட மூன்றாவது பரிசு அது. அடுத்த ஆண்டே, 43 வயதில் காலமானார். வெயிலுக்கு ஏங்கிய மனிதர் அவ்வளவு நாள்தான் இருந்தார்.

ஒவ்வோர் அணுவுக்கும் ஒரு குடை

தோல் தயாரிக்கும் அந்த மையின் பெயர் மெலனின். இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்த செய்தி இரண்டு. ஒன்று, மெலனின் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எவ்வளவு தயாரிக்கின்றன, எப்படிப் பங்கிடுகின்றன என்பதில்தான் வித்தியாசம். நிறத்தின் பெயரால் நாம் கட்டிவைத்த இத்தனை பெரிய மதிலுக்கு அடித்தளம் இவ்வளவுதான்.

இரண்டாவது, மெலனின் துகள்கள் பக்கத்துச் செல்களுக்குள் போய், அங்கே உட்கருவுக்கு மேலே குடைபோல் கவிந்துகொள்கின்றன. உட்கருவுக்குள் டி.என்.ஏ. இருக்கிறது. நம் பரம்பரைச் செய்தியெல்லாம் எழுதிவைத்திருக்கும் ஏடு அது. புற ஊதாக் கதிர் பட்டால் அந்த ஏட்டின் எழுத்துகள் பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டு தவறாகிவிடும். அந்த ஏடு கெட்டுவிடக் கூடாதென்றுதான் தோல் ஒவ்வொரு செல்லுக்கும் குடை பிடிக்கிறது.

குடையைத் தாண்டிப் போகும் கதிரும் உண்டு. அப்போது கெட்ட எழுத்தை வெட்டியெடுத்துத் திருத்தி எழுதும் வேலை செல்லுக்குள் நடக்கும். அந்தத் திருத்தம் நடக்காத குழந்தைகளும் உண்டு. 1870களில் வியன்னாவின் மோரிட்ஸ் காப்போசி, சிறு வயதிலேயே வெயில் பட்ட இடமெல்லாம் புள்ளி விழுந்து கட்டி வரும் ஒரு நோயை விவரித்தார். காரணம் தெரிய 1968 ஆனது. அந்தக் குழந்தைகளின் செல்களுக்கு டி.என்.ஏ. எழுத்தைத் திருத்தத் தெரியவில்லை என்று ஜேம்ஸ் கிளீவர் கண்டுபிடித்தார். அந்தத் திருத்தம் எப்படி நடக்கிறது என்பதை விளக்கியவர்களில் ஒருவரான துருக்கியில் பிறந்த அசீஸ் சன்ஜார் 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

குடை மெல்லியதாக இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். 1894இல் ஹாம்பர்க் நகரத்து மருத்துவர் பவுல் உன்னா, காலமெல்லாம் வெயிலிலும் காற்றிலும் கிடக்கும் கடலோடிகளின் முகத்தோல் தடித்து, அதில் புற்றுநோய் வருவதை எழுதிவைத்தார். 1928இல் லண்டனில் ஃபிண்ட்லே என்பவர், புற ஊதா விளக்கால் எலிகளுக்குத் தோல் புற்றுநோய் வருவதைக் காட்டினார். ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். ஐரோப்பாவின் மங்கல் வெயிலுக்குப் பழகிய தோலோடு போய்க் கொளுத்தும் வெயிலில் குடியேறியவர்களின் நாடு. தோல் புற்றுநோய் அங்கே பெரும் பிரச்சினை. சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று 1981இல் தொலைக்காட்சியில் பிரசாரமே நடத்தினார்கள்.

நெட்டித் தொப்பி

இந்த இடத்தில் நம் ஊர்க் கதை ஒன்று. வெள்ளைக்கார துரைமார் தலையில் ஒரு தொப்பி பார்த்திருப்பீர்கள். 'சோலார் ஹாட்' என்றால் சூரியனோடு சம்பந்தப்பட்ட பெயர் என்றுதான் நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். உண்மையில் அது 'சோலா'. தண்ணீரில் வளரும் ஒரு செடி. நாம் நெட்டி என்கிறோம். தஞ்சாவூரில் நெட்டியைச் செதுக்கிக் கோயில் கோபுரம் செய்வார்களே, அதே நெட்டிதான் துரையின் தலையிலும் இருந்தது.

வெப்ப நாட்டு வெயில் வெள்ளையரின் மூளையையும் நரம்பையும் கெடுத்துவிடும் என்று அன்று பலமாக நம்பினார்கள். 1905இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் சார்லஸ் வுட்ரஃப் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பிலிப்பைன்ஸில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கதிரைத் தடுக்கும் என்று சொல்லி ஆரஞ்சுச் சிவப்பு உள்ளாடை கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பயனும் இல்லை என்று முடிவு வந்தது.

இதில் எனக்கு உறைத்தது வேறு. வெயிலுக்குப் பயந்து நெட்டித் தொப்பி வைத்து, கோடை வந்தால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஓடியவர்களின் தோலைப் பார்த்து ஏங்கியது யார்? அந்த வெயிலிலேயே நின்று உழுத நாம்தான். நிற மோகம் வெள்ளைக்காரன் வருமுன்பும் நம்மிடம் இருந்தது. வெயிலில் வேலை செய்கிறவன் கறுப்பு, நிழலில் உட்காருகிறவன் சிவப்பு, ஆகவே சிவப்பு உயர்வு என்ற கணக்கு அது. ஆண்டவர்களின் நிறமும் சேர்ந்துகொண்டு அதை இறுக்கியது. 1975இல் சிவப்பழகுக் களிம்பு ஒன்று நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தது. அதன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுக்க 2020 வரை ஆனது. இடையில் 45 வருடம். நான் சந்தனக் கிண்ணத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தது அந்த 45 வருடத்துக்குள்தான்.

மூன்றாம் கை: பெர்லின், 1919

இதுவரை படித்தவர்கள், "அப்போ வெயிலே ஆகாதா சார்?" என்று கேட்பீர்கள். அதற்கு மூன்றாவது கை பதில் சொல்லும். இது ஒரு குழந்தையின் கை.

எலும்பு வலுவில்லாமல் கால் வில்போல் வளையும் ரிக்கெட்ஸ் நோயைப் பற்றி இங்கிலாந்தின் பிரான்சிஸ் கிளிசன் 1650இலேயே ஒரு நூல் எழுதினார். தொழிற்புரட்சி வந்து, நிலக்கரிப் புகை வானத்தை மூட, நெருக்கமான சந்துகளில் குழந்தைகள் வளர்ந்தபோது இந்த நோய் பெருகியது. 1822இல் போலந்து மருத்துவர் ஸ்னியாடெட்ஸ்கி, வார்சா நகரத்துக் குழந்தைகளுக்கு வரும் இந்த நோய் கிராமத்துக் குழந்தைகளுக்கு அவ்வளவாக வருவதில்லை, வெயில்தான் மருந்து என்றார். 1890இல், ஜப்பானில் மருத்துவ மிஷனரியாக இருந்துவிட்டு ஊர் திரும்பிய தியோபால்ட் பாம், கீழை நாடுகளில் இருந்த மருத்துவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கேட்டார். ஏழைகளாக இருந்தாலும் வெயில் உள்ள நாட்டுக் குழந்தைகளுக்கு இந்த நோய் அரிது என்று பதில் வந்தது. அவர் சொன்னதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் உலகப் போர் முடிந்த நேரம். பெர்லினில் சாப்பாட்டுப் பஞ்சம். வெளிறிப்போன குழந்தைகள். குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர், ரிக்கெட்ஸ் வந்த நான்கு குழந்தைகளுக்குப் புற ஊதா விளக்கொளி கொடுத்து வந்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், மெலிந்த எலும்பில் சுண்ணாம்புச் சத்து படிந்து வந்தது. பிறகு ஒரு கெட்டிக்காரச் சோதனை செய்தார். ஒரு கைக்கு மட்டும் ஒளி கொடுத்தார். எக்ஸ்ரேயில் இரண்டு கைகளின் எலும்பும் தேறியிருந்தது.

யோசித்துப் பாருங்கள். ஒளி பட்டது ஒரு கையில். குணமானது இரண்டு கையும். அப்படியென்றால் ஒளி பட்ட தோலில் ஏதோ ஒரு மருந்து உண்டாகி, ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. அதுதான் வைட்டமின் டி. தோலில் இருக்கும் ஒருவகைக் கொழுப்புப் பொருளைப் புற ஊதாக் கதிர் மாற்றியமைக்க, உடம்புச் சூட்டில் அது வைட்டமின் டி ஆகிறது என்ற வேதியியலெல்லாம் பிறகு தெரிந்தது. 1921இல் நியூயார்க்கில் ஆல்ஃபிரெட் ஹெஸ் விளக்கே இல்லாமல், குழந்தைகளை மருத்துவமனை மொட்டை மாடியில் வெயிலில் வைத்தே குணப்படுத்திக் காட்டினார். யூதரான ஹுல்ட்ஷின்ஸ்கி 1930களில் ஜெர்மனியை விட்டு எகிப்துக்குப் போக நேர்ந்தது. 1940இல் அங்கேயே காலமானார்.

குடையின் கனம்

குடை நல்லது. ஆனால் வைட்டமின் டியைத் தயாரிக்க வரும் கதிரையும் அது தடுக்கும். கறுத்த தோலுக்கு அதே அளவு வைட்டமின் டி தயாரிக்க அதிக நேரம் வெயில் வேண்டும். நம் ஊர் வெயிலில் அது பெரிய சிரமமில்லை. மங்கல் வெயில் உள்ள நாட்டுக்குப் போனால் சிரமம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பங்களில் ரிக்கெட்ஸும் எலும்பு மெலிவும் இருப்பதை 1962இல் மருத்துவர்கள் எழுதினார்கள். நூறாண்டுக்கு முந்தைய நோய் புதிதாக வந்தவர்களின் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டது. டொரண்டோ, ஆஸ்லோ, லண்டன் என்று இருக்கும் நம் பிள்ளைகள் இதைக் கவனமாகப் படியுங்கள். குழந்தைகளுக்கு வைட்டமின் டி கொடுக்கச் சொல்லி மருத்துவர் சொன்னால், "எங்க ஊர்ல இதெல்லாம் யாருக்குக் கொடுத்தாங்க?" என்று தட்டிவிடாதீர்கள். எங்க ஊரில் வெயில் கொடுத்தது.

மேலே சொன்னதையெல்லாம் ஒன்றாகக் கோத்துக் காட்டியவர்கள் நினா ஜப்லான்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும். 2000இல், பூமியில் எந்த இடத்தில் எவ்வளவு புற ஊதா விழுகிறது என்ற செயற்கைக்கோள் கணக்கை, அந்தந்த இடத்துப் பூர்வகுடிகளின் தோல் நிறத்தோடு வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் நன்றாகப் பொருந்தின. கதிர் அதிகம் விழும் இடத்தில் கருவுக்கு மிகவும் தேவையான ஃபோலேட் சத்து அழியாமல் காக்கக் கறுத்த தோல். கதிர் குறைந்த இடத்தில் வைட்டமின் டி கிடைக்க வெளுத்த தோல். இதுதான் அவர்கள் சொன்ன விளக்கம். இதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. எந்த வெயிலில் நம் முன்னோர் நின்றார்களோ, அந்த வெயில் எழுதிய விலாசம் இது.

ஏழாம் வகுப்புக் கண்ணுக்கு

இனி நான் பேசுவது அந்தக் குழந்தையிடம். உன் அம்மா இதை உனக்குப் படித்துக்காட்டட்டும்.

கண்ணு, நீ விளையாட்டு பீரியடுக்குப் போ. ஓடு, கோகோ ஆடு. கொஞ்சம் கறுப்பாய், அவ்வளவுதான். உன் தோல் உனக்குக் குடை பிடிக்கிறது என்று அர்த்தம். வளர்கிற வயதில் உன் எலும்புக்கு அந்த வெயில் வேண்டும். வகுப்பு ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதாது. வைட்டமின் டிக்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். விடிகாலை இளவெயிலிலும் அது மிகக் குறைவு. சூரியன் சாய்ந்திருக்கும்போது காற்று மண்டலத்தில் வெகுதூரம் வர வேண்டியிருப்பதால் வழியிலேயே கரைந்துவிடும்.

அதற்காக உச்சி வெயிலில் மணிக்கணக்கில் நிற்காதே. குடை இருந்தாலும் எந்தத் தோலும் கெடும், தண்ணீர் வற்றினால் மயக்கமும் வரும். ஓர் எளிய அளவுகோல் சொல்கிறேன். உன் நிழலைப் பார். நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் பலமாக இருக்கிறது என்று அர்த்தம். அப்போது கொஞ்ச நேரம் போதும். நெடுநேரம் இருக்க வேண்டுமென்றால் தொப்பி வை, மரத்தடிக்கு வா. நிழல் நீண்டிருந்தால் தாராளமாக ஆடு. நம் நிறத்துக்குத் தோல் புற்றுநோய் குறைவு. ஆனால் வரவே வராது என்றில்லை. வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்கூட வரும். பாட்டி தாத்தாவுக்கு அங்கே புதிதாகக் கறும்புள்ளி வந்து பெரிதானால் மருத்துவரிடம் காட்டச் சொல்.

இன்னொன்று. முப்பது வருடத்துக்கு முன்னால் உன் அம்மா என்னிடம் சந்தனக் கிண்ணம் கேட்டாள். அவள் வெயிலில் அலைகிறாள் என்று சொல்லி நான் கொடுக்கவில்லை. அவள் ஏன் அலைந்தாள் என்று நான் அன்று கேட்கவுமில்லை. போன மாதம்தான் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கு வருமுன்பும், விட்டுப்போன பின்பும் அவள் தன் அப்பாவோடு பருத்திக் காட்டில் நின்றாள். அந்த நிறத்தோடுதான் வகுப்பில் முதலாவதாக வந்தாள். வாசலில் நிற்கத் தகுதி அவளுக்கு இருந்தது. அதைப் பார்க்கும் தகுதி அன்று எனக்கு இல்லை. வாத்தியார் ஒரு வார்த்தை சொன்னால் அது முப்பது வருடம் நிற்கும் என்பதையும் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

மன்னித்துக்கொள் அம்மா. அந்த வரிசையில் நான் நிறுத்தாமல் விட்ட மற்ற பிள்ளைகளும் இதைப் படிப்பீர்கள். உங்களிடமும்தான் கேட்கிறேன். உங்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் சந்தனக் கிண்ணத்துக்கு ஆள் எடுக்கும்போது, வருகைப் பதிவேட்டை எடுத்து வரிசை எண்படி கூப்பிடுங்கள். அது போதும்.

வெயில் ஏறுகிறது. தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்